நாயை எங்கிருந்து கொண்டுவருவது? காப்பகம், பிரீடர், கடை, தெரு: ஓர் ஒப்பீடு

நாய் வளர்ப்பது என்று ஒரு வீட்டில் முடிவானதும் பேச்சு முதலில் இனத்தைத்தான் சுற்றும். ஒருவர் லேப்ரடார் என்பார், இன்னொருவர் பக் என்பார், பிள்ளைகள் அலைபேசியில் படம் படமாகக் காட்டுவார்கள். எங்கிருந்து கொண்டுவருவது என்ற கேள்வி கடைசியில்தான் எழும், எழுந்த வேகத்தில் "யாரிடம் இப்போது குட்டி இருக்கிறது?" என்று சுருங்கியும் போகும். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். ஒரு நாய் நம்முடன் பத்து, பதின்மூன்று ஆண்டுகள் வாழப்போகிறது. அந்த ஆண்டுகள் எப்படிக் கழியும் என்பதில் பெரும்பங்கு, அது நம் வாசலை மிதிக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது.

இதை அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியை ஆராய்ந்தார்கள். அங்கு நடந்த ஒரு சோதனையின் முடிவு 1961இல் வெளியானது. மனிதர்களோடு எந்தப் பழக்கமும் இல்லாமல் 14 வாரம் வரை திறந்தவெளியில் வளர்ந்த குட்டிகள், அதன் பிறகு மனிதரைக் கண்டால் காட்டு விலங்கைப் போல மிரண்டன. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதின்மூன்றாவது வாரம் வரை ஒரு குட்டியின் மனம் உலகத்துக்குத் திறந்திருக்கிறது. மனிதக் கை, குழந்தையின் அழுகை, கதவு சாத்தும் ஓசை, பிற நாய்கள் எல்லாம் அஞ்ச வேண்டியவையா, சாதாரணமானவையா என்று அது தீர்மானிப்பது அப்போதுதான். எட்டு வாரக் குட்டி ஒன்றை நீங்கள் தூக்கிவரும்போது அந்தக் காலத்தில் பாதி வேறொருவர் கையில் கழிந்துவிட்டிருக்கும்.

அந்த வேறொருவர் யார் என்பதைத்தான் இங்கே ஒப்பிடப் போகிறேன். எந்த இடமானாலும் நான் இரண்டே கேள்விகளால் எடை போடுகிறேன். இந்த நாய் இதுவரை வாழ்ந்த இடத்தையும் அதை வளர்த்தவரையும் மறைக்காமல் காட்டுகிறார்களா? நாளை எனக்கு முடியாமல் போனால் இதைத் திரும்ப ஏற்றுக்கொள்கிறார்களா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்பவர், கைவிடப்பட்ட நாய்களை வைத்திருக்கும் காப்பகமானாலும், நாய்களை இனப்பெருக்கம் செய்து குட்டி விற்கும் பிரீடரானாலும், தெருக்கோடி நண்பரானாலும் நம்பிப் போகலாம். இரண்டில் ஒன்றுக்காவது மழுப்பலான பதில் வந்தால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுவது நல்லது.

பிரீடரிடம் போவதாக இருந்தால்

பிரீடர் என்றாலே காசுக்காகக் குட்டி போடவைப்பவர் என்று ஒரு சாரார் ஒதுக்குகிறார்கள். வம்சாவளிச் சான்றிதழ் வைத்திருப்பவர் எல்லாம் தரமானவர் என்று இன்னொரு சாரார் நம்புகிறார்கள். இரண்டும் சரியில்லை. நல்ல பிரீடர் என்பவர் ஒன்று அல்லது இரண்டு இனங்களைத்தான் வளர்ப்பார். அவரிடம் எப்போதும் குட்டி இருக்காது. நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாட்கள். அதன் பிறகு எட்டு வாரம் குட்டிகள் தாயுடன் இருக்க வேண்டும். தாய்க்கு ஓய்வும் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் மதிப்பவரிடம் நீங்கள் காத்திருந்துதான் ஆகவேண்டும். "எந்த இனம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், இந்த வாரமே தருகிறேன்" என்பவர் பிரீடர் அல்ல, தரகர்.

போய்ப் பார்ப்பது என்றால் குட்டியைப் பார்ப்பது மட்டும் போதாது. முதலில் தாயைப் பாருங்கள். அந்நியர் வரும்போது தாய் நாய் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் போலக் குட்டிகளின் எதிர்காலத்தைச் சொல்லக்கூடியது வேறில்லை. குட்டி ஈன்ற நாய் சற்று விறைப்பாக இருப்பது இயல்பு. ஆனால் வளர்த்தவர் அருகில் வந்து முதுகில் கைவைத்ததும் அது தளர வேண்டும். மூலையில் ஒடுங்கிக்கொள்கிறது, சிறுநீர் கழிக்கிறது, வளர்ப்பவரின் கை உயர்ந்தாலே கண்ணை மூடிக்கொள்கிறது என்றால் அந்த வீட்டில் நடப்பது என்ன என்று புரிந்துவிடும். "தாய் இன்னொரு வீட்டில் இருக்கிறது", "கால்நடை மருத்துவரிடம் போயிருக்கிறது", "குட்டியை வழியில் ஓரிடத்தில் வைத்துத் தருகிறேன், நீங்கள் அவ்வளவு தூரம் வரவேண்டாம்" என்பவை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி சொல்லப்படும் சாக்குகள்.

அடுத்து குட்டிகள் இருக்கும் இடம். அவை தூங்கும் மூலையும் கழிக்கும் மூலையும் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்குட்டிகள் மூன்று வாரம் கடந்ததுமே, இடம் இருந்தால், படுக்கையை விட்டு விலகிப்போய்த்தான் கழிக்கும். நாள் முழுவதும் சிறு கூண்டில் தன் கழிவின் மேலேயே படுத்துப் பழகிய குட்டிக்கு அந்த உணர்வே மங்கிப்போகிறது. அதை வீட்டில் சுத்தமாக இருக்கப் பழக்குவது பெரும்பாடு. ஒரு குட்டியைக் கையில் எடுத்து அடிவயிற்றைத் தடவிப் பாருங்கள். மெலிந்த உடலில் வயிறு மட்டும் பானையாக உப்பியிருந்தால் குடற்புழு இருக்கலாம். வாலுக்கடியில் ரோமம் ஒட்டிக்கிடந்தால் வயிற்றுப்போக்கு. மூக்கிலும் கண்ணிலும் சளி, காதுக்குள் கருத்த அழுக்கு, இருமல் இவை எதுவும் "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று ஒதுக்கக்கூடியவை அல்ல. குட்டியை மெதுவாக மல்லாத்தி மடியில் கிடத்துங்கள்: சில நொடி துள்ளிவிட்டு அடங்கிப்போகும் குட்டி பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். மரக்கட்டையாக விறைத்துப்போகும் குட்டியும், கடைசிவரை கத்திக்கொண்டே திமிறும் குட்டியும் அனுபவம் உள்ளவர்களிடம் போவது நல்லது. இந்த ஒரு சோதனையை வைத்து ஒரு நாயின் குணத்தை முழுதாகக் கணித்துவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வேறொரு நாளில் இன்னொரு முறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

வம்சாவளிச் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. அது குட்டியின் பெற்றோர் யார், பாட்டன் பாட்டி யார் என்ற பதிவு. உடல்நலத்துக்கான உத்தரவாதம் அல்ல. அந்தத் தாளில் ஒரே பெயர் இரண்டு பக்கமும் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடுங்கள். ஒரே பெற்றோருக்குப் பிறந்த இரண்டு நாய்களைச் சேர்த்தால் குட்டியின் உட்சேர்க்கை அளவு, அதாவது நெருங்கிய உறவு நாய்களைச் சேர்த்ததன் அளவு, 25 விழுக்காடு ஆகிவிடும். பெற்றோர் இருவருக்கும் ஒரு ஜோடித் தாத்தா பாட்டி பொது என்றால் 6.25 விழுக்காடு. அளவு கூடக்கூட மறைந்திருக்கும் பரம்பரை நோய்கள் வெளிப்படும் வாய்ப்பும் கூடும்.

சான்றிதழைவிட முக்கியமானவை பெற்றோருக்கு எடுத்த பரிசோதனைகள். இனத்துக்கு இனம் இவை மாறும். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் என்றால் இடுப்பு, முழங்கை மூட்டு எக்ஸ்ரே. அமெரிக்காவில் இதற்கென 1966இல் தொடங்கப்பட்ட எலும்பியல் அறக்கட்டளை, நாய்க்கு இரண்டு வயது நிறைந்த பிறகுதான் இடுப்பு மூட்டுக்கு இறுதிச் சான்று தருகிறது. ஆகவே ஒன்றரை வயதுத் தாயின் குட்டி என்றால் அந்தச் சான்று இருக்க வழியே இல்லை. டால்மேஷியனுக்குக் காது கேட்கிறதா என்ற பரிசோதனை, கவலியர் ஸ்பேனியலுக்கு இதய வால்வு, டாபர்மேனுக்கு இதயத்தோடு ரத்தம் உறையும் தன்மையும். "என் நாய்களுக்கு ஒரு குறையும் வந்ததில்லை, எதற்குப் பரிசோதனை?" என்று கேட்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களில் மனம் வைத்தவர்களிடம் மட்டும் நான் சற்று வற்புறுத்திச் சொல்வேன். அந்தக் குறட்டை அழகல்ல, மூச்சுத் திணறல். நெதர்லாந்தில் 2019 முதல், முகத்தின் நீளம் மண்டையோட்டின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இல்லாத நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற அளவுகோல் நடைமுறைக்கு வந்தது. அப்படி ஒரு நாய்தான் வேண்டும் என்றால் பெற்றோர் இரண்டையும் சிறிது தூரம் ஓடவிட்டு மூச்சைக் கேளுங்கள். 'அரிய நிறம்' என்று விலையேற்றி விற்பதிலும் கவனம் வேண்டும். மெர்ல் என்கிற பளிங்குத் தோற்ற ரோமம் உள்ள இரண்டு நாய்களைச் சேர்த்தால், நான்கில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரு பக்கமிருந்தும் வந்துசேரும் வாய்ப்பு இருக்கிறது. அத்தகைய குட்டிகளில் பல, காது கேளாமலோ பார்வைக் குறையோடோ பிறக்கின்றன.

நல்ல பிரீடரை அடையாளம் காண எளிய வழி இன்னொன்று இருக்கிறது: அவர் உங்களை விசாரிப்பார். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், குழந்தைகளுக்கு என்ன வயது, முன்பு வளர்த்த நாய் என்ன ஆயிற்று என்றெல்லாம் குடைவார். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குட்டி போய்ச்சேரும் வீட்டைப் பற்றிக் கவலைப்படுபவர்தான், பின்னால் இரவு பத்து மணிக்கு நீங்கள் அழைத்தாலும் எடுத்துப் பேசுவார். எந்த வயதிலும் எந்தக் காரணத்துக்காகவும் நாயைத் திரும்ப ஏற்பேன் என்று ஒப்பந்தத்தில் எழுதித்தருபவரும் அவரே.

முப்பது நாள், நாற்பது நாள் குட்டியைக் கொடுக்க முன்வருபவரை எந்த வகையிலும் சேர்க்க வேண்டாம். ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை உடன்பிறந்தவற்றோடு கட்டிப்புரளும்போதுதான் ஒரு குட்டி, வலிக்கும்படி கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்பதைக் கற்கிறது. அந்தப் பாடம் கிடைக்காமல் வந்த குட்டியின் பல்லுக்குப் பதில் சொல்வது உங்கள் வீட்டுக் குழந்தையின் கை.

காப்பகத்தின் பலமும் பலவீனமும்

பெரும்பாலான வீடுகளுக்கு, அதிலும் முதன்முறை நாய் வளர்ப்பவர்களுக்கு, நான் முதலில் சொல்வது காப்பகத்தில் உள்ள வளர்ந்த நாயைத்தான். கருணை ஒரு காரணம்தான். ஆனால் கருணையைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்குப் பார்த்தாலும் இதுதான் முந்தி நிற்கிறது. இரண்டு வயது நாயிடம் ஊகிக்க அதிகம் இல்லை. இனி வளராது, எவ்வளவு பெரிதாகும் என்ற கேள்வி முடிந்துவிட்டது. பல் முளைக்கும் பருவத்தில் நாற்காலிக் காலைக் கடிக்கும் கட்டம் தாண்டிவிட்டது. குழந்தைகளிடமும் பூனைகளிடமும் எப்படி இருக்கிறது என்பதைப் பழக்கிப் பார்த்துச் சொல்ல முடியும். பெரும்பாலான காப்பகங்களில் தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் கருத்தடையும் முடிந்திருக்கும்.

பலவீனங்களையும் மறைக்கக் கூடாது. அந்த நாயின் முதல் மாதங்கள் எங்கே கழிந்தன என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. 'லேப்ரடார் கலப்பு' என்று அட்டையில் எழுதியிருப்பது யாரோ ஒருவர் கண்ணால் பார்த்து ஊகித்தது. மரபணுப் பரிசோதனையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இந்த ஊகங்கள் அடிக்கடி தவறியிருக்கின்றன. ஆகவே அட்டையில் உள்ள இனப்பெயரை நம்பிக் குணத்தைக் கணிக்காதீர்கள், எதிரில் நிற்கும் நாயைப் பாருங்கள். கூண்டுக்குள் பார்க்கும் நாயும் வீட்டில் இருக்கும் நாயும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. நாற்பது நாய்கள் ஒரே நேரத்தில் குரைக்கும் கூடத்தில், கம்பிமேல் பாய்ந்து குரைக்கும் நாய் வெளியே நடக்க அழைத்துப்போனதும் காலடியில் உட்கார்ந்துவிடுவது உண்டு. கூண்டில் சாந்தமாகப் படுத்திருக்கும் நாய் பயத்தில் உறைந்துபோனதாகவும் இருக்கலாம். எனவே கம்பிக்கு வெளியே, சத்தமில்லாத இடத்தில், குறைந்தது அரை மணி நேரம் அதோடு இருக்க அனுமதி கேளுங்கள். முதல் பத்து நிமிடம் அதை அழைக்காமல், தொடாமல், பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். தானாக வந்து மோந்து பார்க்கிறதா, பார்த்துவிட்டு ஒதுங்குகிறதா, ஒதுங்கிய பிறகு மறுபடி வருகிறதா என்பதைக் கவனியுங்கள். மறுபடி வரும் நாயோடு ஒரு வாழ்க்கையைத் தொடங்கலாம்.

காப்பக நாய்களிலேயே மிகச் சிறந்த தெரிவு, தற்காலிகப் பராமரிப்பு வீட்டில் இருப்பவை. காப்பகத்தில் இடமில்லாதபோதும், நோயிலிருந்து தேறும் காலத்திலும், தன்னார்வலர்கள் சில நாய்களைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அப்படி ஒருவர் சொல்லும் தகவலுக்கு எந்தச் சான்றிதழும் ஈடாகாது. "துடைப்பத்தை எடுத்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். தலையைத் தடவ வேண்டாம், மார்பைத் தடவுங்கள். சாப்பிடும்போது பக்கத்தில் நிற்கலாம், தட்டில் கைவைத்தால் உறுமுவான். இடி இடித்தால் குளியலறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வான், விட்டுவிடுங்கள்." இப்படி ஒருவர் சொல்லக் கேட்டுவிட்டு ஒரு நாயைக் கூட்டிவருவதற்கும், படத்தைப் பார்த்து ஒரு குட்டியை வரவழைப்பதற்கும் உள்ள தூரத்தை யோசித்துப் பாருங்கள். நாய் எங்கே தூங்கும், எதற்குப் பயப்படும், எது அதன் பொறுமையின் எல்லை என்பதெல்லாம் உங்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். சில அமைப்புகள் சில வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் தத்தெடுப்பை உறுதிசெய்யவும் அனுமதிக்கின்றன. கேட்டுப் பாருங்கள்.

தத்து கொடுப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் நாய் திகைத்துக் கிடக்கும். மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும். மூன்று மாதத்தில்தான் அது தன் வீடு என்று நம்பும். இது ஆய்வில் வந்த சூத்திரம் அல்ல, பழகியவர்களின் கைக்கணக்கு. ஆனாலும் தத்தெடுத்த நாயை முதல் வாரத்திலேயே திருப்பிக் கொண்டுபோய் விடுபவர்களை நினைக்கும்போது இதை எல்லோர் வீட்டுச் சுவரிலும் ஒட்டிவைக்கலாம் என்று தோன்றும். முதல் வாரம் சாப்பிடாத நாய் முரட்டு நாய் அல்ல. அதற்கு இன்னும் எதுவும் புரியவில்லை, அவ்வளவுதான்.

காப்பகத்துக் குட்டிகளைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. பல இடங்களிலிருந்து நாய்கள் வந்து சேரும் இடம் என்பதால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் பார்வோ போன்ற வைரஸ் நோய்கள் எளிதில் பரவும். 1978இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய இந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் தங்கக்கூடியது. தொற்றிய பிறகு பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாட்களில் அறிகுறி தெரியும். புதிதாக வரும் நாய்களைத் தனியே வைக்கிறார்களா என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர்கள் உங்களை அழைத்துப்போய் அந்த அறையைக் காட்டினால் அது நல்ல காப்பகம்.

தெரிந்தவர் வீட்டுக் குட்டி, வேறு வீட்டு நாய்

நண்பர் வீட்டு நாய் எதிர்பாராமல் குட்டி போட்டுவிட்டது, ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். உலகில் பெரும்பாலோருக்கு முதல் நாய் இப்படித்தான் வந்திருக்கும். இதில் பெரிய நன்மை, தாயை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். குட்டிகள் வீட்டுச் சத்தத்திலேயே கண் திறந்திருக்கும். குறை, யாரும் பரிசோதனை எதுவும் செய்திருக்க மாட்டார்கள். தந்தை எதுவென்று தெரியாமலும் இருக்கலாம். நட்புக்காக விட்டுக்கொடுக்கக் கூடாதவை இரண்டு: எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கக் கூடாது, தாய்க்கு இதன் பிறகாவது கருத்தடை செய்ய வேண்டும். இரண்டாவதைப் பேசுவது சங்கடம்தான். பேசாவிட்டால் அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கு வீடு தேடி அவர் மறுபடியும் உங்களிடமே வருவார். ஆசைப்பட்டு ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டைச் சேர்த்து எடுத்துவர வேண்டாம் என்றும் சொல்வேன். ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மனிதரிடம் ஒட்டாமல் வளர்வதை அடிக்கடி பார்க்க முடிகிறது. இரண்டையும் தனித்தனியே நடத்திப் பழக்க நேரமுள்ளவர்களுக்கு அது வேறு கதை.

வெளிநாடு போகிறோம், வீடு மாறுகிறோம், குழந்தைக்கு ஒவ்வாமை என்று வளர்ந்த நாயை வேறு வீட்டுக்குக் கொடுக்க விரும்புபவர்களும் இருக்கிறார்கள். இங்கே கிடைக்கும் தகவல் அளவுக்கு வேறெங்கும் கிடைக்காது. அதே சமயம் மறைக்கப்படும் தகவலும் இங்கேதான் அதிகம். கடித்த நாயைப் பற்றி "கொஞ்சம் விளையாட்டுத்தனம்" என்று சொல்லிவிடுவது எளிது. நாயின் மருத்துவக் குறிப்பேட்டைப் பாருங்கள். முடிந்தால் அதைப் பார்த்துவந்த கால்நடை மருத்துவரிடமே பேச அனுமதி வாங்குங்கள். நாய் தன் வீட்டில் இருக்கும்போது ஒரு முறையும், வெளியே நடக்கும்போது ஒரு முறையும் பாருங்கள். "இது யாரையாவது கடித்திருக்கிறதா?" என்று நேரடியாகக் கேளுங்கள், சுற்றிவளைத்துக் கேட்டால் சுற்றிவளைத்த பதில்தான் வரும். மைக்ரோசிப், அதாவது தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு, பொருத்திய நாய் என்றால் அதன் 15 இலக்க எண்ணில் உரிமையாளர் பெயரை மாற்றுவதை அன்றே முடித்துவிடுங்கள்.

தெருவிலிருந்து

ஒரு குட்டி தனியாகக் கத்திக்கொண்டிருக்கிறது என்று தூக்கிவந்துவிடுகிறோம். நல்ல மனம்தான். ஆனால் பல நேரங்களில் தாய் இரை தேடிப் போயிருக்கும், திரும்பி வரும். ஆபத்தான இடமாக இல்லாவிட்டால் சற்றுத் தொலைவில் நின்று சில மணி நேரம் பாருங்கள். தாய் இருந்தால் எட்டு வாரம் வரை அங்கேயே விட்டு, தாய்க்கு உணவு வைத்து, பிறகு எடுத்துவருவது குட்டிக்குச் செய்யும் பெரிய உதவி. நடுவில் நீங்கள் தினமும் போய்ப் பழகினாலே, முதலில் சொன்ன அந்த மனம் திறந்திருக்கும் காலம் வீணாகாது.

எடுத்துவந்த நாயோ குட்டியோ கடித்தால், கீறினால், வெறிநாய்க் கடி நோயை நினைவில் வையுங்கள். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அறிகுறி தொடங்கிய பிறகு அந்த நோய்க்கு ஏறக்குறைய மீட்சியே இல்லை. குட்டி என்பதால் வராது என்பது பொய். வீட்டில் வேறு நாய் இருந்தால் புதியதை இரண்டு வாரம் தனி அறையில் வைத்திருங்கள்.

ஆண்டுக்கணக்கில் வெளியில் சுற்றித் திரிந்த வளர்ந்த நாயை நான்கு சுவருக்குள் கொண்டுவருவதில் மட்டும் நிதானம் தேவை. சில நாய்கள் ஒரே வாரத்தில் சோபாவைச் சொந்தமாக்கிக்கொள்ளும். சில, எத்தனை அன்பு காட்டினாலும் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டதற்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்து, அது பழகிய இடத்திலேயே தினமும் உணவு வைத்துக் காப்பதும் நாய் வளர்ப்புதான்.

கடையும் இணையமும்

கண்ணாடிப் பெட்டிக்குள் வாலாட்டும் குட்டியைக் கடந்து போவது கடினம் என்று எனக்குத் தெரியும். கடந்துதான் போக வேண்டும். அங்கே தாய் இல்லை, வளர்த்தவர் இல்லை. மொத்தமாகக் குட்டி உற்பத்தி செய்யும் கூடங்களிலிருந்து தரகர் வழியாக, பயணக் களைப்போடு, வெவ்வேறு இடத்துக் குட்டிகள் ஒரே பெட்டியில் வந்து சேர்கின்றன. 2013இல் அமெரிக்க கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, கடையில் வாங்கிய நாய்களையும் வீட்டளவில் வளர்க்கும் பிரீடர்களிடமிருந்து வந்த நாய்களையும் ஒப்பிட்டது. வளர்ப்பவரிடமும் அந்நியரிடமும் பிற நாய்களிடமும் காட்டும் ஆக்ரோஷம், பயம், தனிமையில் பதற்றம், வீட்டுக்குள் கழித்தல் என்று பலவற்றில் கடை நாய்கள் பின்தங்கியிருந்தன. எந்தக் குணத்திலும் அவை மேலாக இருக்கவில்லை. நோய் மனிதருக்கும் தாவுகிறது. 2016 தொடக்கத்திலிருந்து 2018 பிப்ரவரி வரை அமெரிக்காவின் 18 மாநிலங்களில் 118 பேரைத் தாக்கிய கேம்பிலோபாக்டர் வயிற்றுத் தொற்றின் மூலம் கடைக் குட்டிகள் என்று கண்டறியப்பட்டது. அந்தக் கிருமி பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாததாகவும் இருந்தது.

சட்டங்களும் இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை இடைத்தரகர் விற்கத் தடை. அந்தச் சட்டம், குட்டி உற்பத்திக் கூடம் ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற ஸ்பேனியல் பெட்டையின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பிரான்சில் 2024 ஜனவரி முதல் செல்லப்பிராணிக் கடைகளில் நாயும் பூனையும் விற்கக் கூடாது.

"பாவம், நோஞ்சானாக இருக்கிறது, அதையாவது காப்பாற்றுவோம்" என்று கடைக் குட்டியை வாங்குபவர்களின் மனத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காலியான பெட்டியில் அடுத்த வாரம் இன்னொரு குட்டி இருக்கும். எங்கோ ஒரு கூண்டில் அந்தத் தாய் மறுபடி சினையாக்கப்படும். குட்டி துன்பத்தில் இருப்பதாகத் தெரிந்தால் வாங்காமல், உங்கள் பகுதியில் விலங்கு நலனுக்குப் பொறுப்பான அதிகாரிகளிடம் படத்தோடு புகார் கொடுங்கள்.

இணைய விளம்பரம் என்பது தனி இடமல்ல, ஒரு வாசல் மட்டுமே. அதன் பின்னால் நல்ல பிரீடரும் இருக்கலாம், குட்டியே இல்லாத மோசடிக்காரரும் இருக்கலாம். படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள், வேறு ஊர்களில் வேறு பெயர்களில் அதே குட்டி விற்பனைக்கு இருக்கிறதா என்று. நேரலைக் காணொளியில் குட்டியைத் தாயோடு சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். முன்பணம், பிறகு போக்குவரத்துப் பணம், பிறகு காப்பீட்டுப் பணம் என்று கேட்டுக்கொண்டே போனால் அந்தக் குட்டி வரப்போவதில்லை. கண்ணால் பார்க்காத நாய்க்குப் பணம் அனுப்பக் கூடாது என்ற ஒரு விதியே இதில் முக்கால்வாசிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

யாருக்கு எது

முதல் நாய், இருவரும் வேலைக்குப் போகிறார்கள் என்றால் குட்டி வேண்டவே வேண்டாம். எட்டு வாரக் குட்டியை மூன்று மணி நேரத்துக்கு மேல் தனியே விடுவது அதற்கும் கேடு, வீட்டுக்கும் கேடு. பராமரிப்பு வீட்டில் தனிமைக்குப் பழகிய மூன்று, நான்கு வயது நாயைத் தேடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் நான் இதையே சொல்வேன், அந்த நாய் அதே வயதுக் குழந்தைகளோடு வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை இருந்தால், 'ஒவ்வாமை தராத இனம்' என்று விற்பவரை நம்பிப் போகாதீர்கள். அப்படி அழைக்கப்படும் இனங்களின் ரோமத்திலும் ஒவ்வாமைப் புரதம் மற்றவற்றைவிடக் குறைவாக இல்லை என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒவ்வாமை ஒவ்வொரு நாய்க்கும் ஒவ்வொரு மனிதருக்கும் மாறுபடும். அதே நாயோடு பல முறை, மணிக்கணக்கில் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுக்க இடம்கொடுப்பது பராமரிப்பு வீடும் நல்ல பிரீடரும்தான்.

ஆடு மேய்ப்பது, தேடுதல் பணி, மாற்றுத்திறனாளிக்கு உதவி என்று குறிப்பிட்ட வேலைக்கு நாய் தேவைப்படுபவர்கள் பரிசோதனை செய்யும் பிரீடரிடம் போவதே சரி. அங்கே பரம்பரைக் குணத்துக்கு உண்மையான மதிப்பு உண்டு. அந்தப் பயிற்சிகளில் தேறாமல் வெளியேறும் நாய்களையும் ஓய்வு பெறும் நாய்களையும் பயிற்சி நிறுவனங்கள் வீடுகளுக்குக் கொடுப்பதுண்டு. அவற்றுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும். ஆனால் பார்வையற்றோருக்கு வழிகாட்டப் பழக்கப்பட்டு, அணிலைக் கண்டால் கவனம் சிதறுகிறது என்ற ஒரே காரணத்துக்காக விலக்கப்பட்ட நாய் ஒரு சாதாரண வீட்டுக்குப் பெரும்பேறு.

பணி ஓய்வு பெற்றவர்கள், வயதான தம்பதியர் ஆகியோருக்கு எட்டு, ஒன்பது வயது நாயைப் பரிந்துரைக்கிறேன். காப்பகங்களில் கடைசிவரை தேர்ந்தெடுக்கப்படாமல் கிடப்பவை இந்த வயது நாய்கள்தான். அவற்றுக்கு இரண்டு வேளை மெதுவான நடையும் பக்கத்தில் ஆளும் போதும். தத்தெடுக்கும் முன் ரத்தப் பரிசோதனை, பற்கள், மூட்டு ஆகியவற்றைப் பார்த்து இன்னும் என்னென்ன மருத்துவச் செலவு வரக்கூடும் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சில அமைப்புகள் வயதான நாய்களின் மருந்துச் செலவைத் தாங்களே ஏற்கின்றன. உங்களுக்கு அருகில் உள்ள காப்பகத்தில் அந்த ஏற்பாடு உண்டா என்று விசாரித்துவிட்டு அங்கிருந்தே தேடலைத் தொடங்கலாம்.